செவ்வாய்க்கிழமைச் சத்தம்

"ஆரம்பிச்சாச்சு!" என்று பல்லைக் கடித்தார் வோல்க்மார் தீசன்.

விரல் இன்னும் மின்னணு இசைப்பெட்டியின் கட்டை மேல்தான் இருந்தது. முப்பத்தேழாம் நம்பர் ஓசை அப்போதுதான் சோம்பல் முறித்து மூச்சு விட ஆரம்பித்திருந்தது. அது என்ன பொருத்தமோ, சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நிலவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் லூர்ஸ் அம்மாவின் துணி பிழியும் இயந்திரம் தடதடவென்று உறுமும். தலைக்கு மேல் விளக்கு மங்கி எரியும். சுவரோரம் அடுக்கியிருக்கும் காலி ஜாடிகள் கிடுகிடுக்கும். நாற்பது வருஷமாக இதே கதைதான். ஓசை அழகாக வருகிற அந்த ஒரு நிமிஷத்தையாவது நிம்மதியாக ரசிக்க விட்டதுண்டா அந்த அம்மாள்?

வோல்க்மார் எழுந்து போய்ச் சலவை அறைக் கதவைத் திறந்தார்.

லூர்ஸ் அம்மாவுக்கு எண்பது வயது. இயந்திரத்துக்கு அறுபதாவது இருக்கும். ஓடும்போது அது அறை முழுக்க நடக்கும் என்பதால், மூடியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, முழு எடையையும் போட்டு அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய கன்னங்கள் இரண்டும் அதிர்ந்துகொண்டிருந்தன.

"லூர்ஸ் அம்மா! ஒரு பத்து நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

"இன்னிக்கு என்ன கிழமை, தம்பி?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை யாரு துவைக்கிற நாள்?"

"நீங்கதான். அதுக்காக..."

"அப்புறம் என்ன? நாலு படுக்கை விரிப்பு உள்ள இருக்கு. ஈரத்தோட எடுத்து உங்க தலைமேல காயப்போடட்டுமா?"

"அம்மா, அங்க நான் பண்றது கலை!"

"கலைக்குத் தண்ணி வடிய வேண்டாம். விரிப்புக்கு வடியணும்."

"அடுத்த வாரம் வியாழக்கிழமை ரேடியோக்காரங்க வர்றாங்க. அன்னிக்காவது இந்தப் பூதத்த வாய் மூடி வைங்க."

லூர்ஸ் அம்மா நிமிர்ந்தார். கன்னங்கள் நின்றன.

"வியாழக்கிழமையா? உங்க கிழமையும் செவ்வாதான? நீங்க வியாழக்கிழமை வாசிச்சா, நானும் வியாழக்கிழமை புழிவேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

இந்தக் கிழமை விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் வோல்க்மாரும் அவர் நண்பர்களும் 'ஈர நியான்' என்ற இசைக்குழுவை இந்த நிலவறையில் தொடங்கியபோது, குடியிருந்தவர்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். மாலை முழுக்கப் பேசி, காப்பி தீர்ந்து, பீர் வந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். லூர்ஸ் அம்மா துணி பிழிவதால் செவ்வாய்க்கிழமை எப்படியும் நாசம்தான். இன்னொரு நாளை எதற்குக் கெடுப்பானேன்? பையன்கள் சத்தம் போடுவதாக இருந்தால் ஏற்கெனவே சத்தமாக இருக்கிற நாளில் போட்டுக்கொள்ளட்டும். ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் இதைவிட நியாயமான தீர்ப்பு கிடைத்திருக்காது. அதில் ஓட்டுப்போட்டவர்களில் பாதிப் பேர் செத்தேபோனார்கள், தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வோல்க்மார் வாய் கிழியக் கத்துவாரே தவிர, விதியை மீற மாட்டார். வியாழக்கிழமைக்குக்கூட வீடு வீடாகப் படியேறி எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிட்டார், லூர்ஸ் அம்மாவைத் தவிர.

அவர் வாசிக்கிற சிந்தசைசரின் பெயர் ஒந்தீனா. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் செய்தார்கள். பிறகு பட்டறையே படுத்துவிட்டது. ஒந்தீனாவுக்கு உடம்பு பாதி டிஜிட்டல், பாதி அனலாக். ஓசை பிறக்கிற இடம் வெறும் எண் கணக்கு. துல்லியமாக இருக்கும், உயிர் இருக்காது. அந்த ஓசை பழைய பாணி மின்சுற்றுகளுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். அந்தச் சுற்றுகளுக்குச் சூடு, குளிர், கோபதாபம் எல்லாம் உண்டு. முழுக்க டிஜிட்டல் என்றால் என்றைக்கும் ஒரே மாதிரி ஒலித்து அலுத்துப்போகும். முழுக்க அனலாக் என்றால் சுருதியே நிலையாக நிற்காது. ஒந்தீனாவில் சுருதி இம்மி அசையாது, குரல் மட்டும் நடுங்கும். "கணக்கு வாத்தியார் காதல்ல விழுந்த மாதிரி" என்பார் வோல்க்மார். கேட்டவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

எண்பத்து நான்கில் ஈர நியான் ஒரே ஒரு பாட்டைப் பதிவுசெய்தது. 'சுரங்கத்தில் மழை.' பாட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் பாட்டின் தொடக்கத்தில் வருகிற முப்பத்தேழாம் நம்பர் ஓசையை யாரும் மறக்கவில்லை. ஒசாக்காவிலிருந்து சாவ் பாவ்லோ வரை ஆட்கள் அதைப் பிடிக்கப் படாத பாடு படுகிறார்கள். அதே பெட்டி, அதே திருகுகள், அதே எண்கள். எல்லாம் சரியாக இருக்கும், மூச்சு மட்டும் வராது.

குழுவில் பாடிய எக்கர்ட் யான்சன்கூட டென்மார்க்கில் ஒரு ஒந்தீனாவைத் தேடிப் பிடித்து வாங்கினான். அவனுக்கும் வரவில்லை. "பெட்டி இருந்தா போதுமா? அதுக்குக் கை வேணும்" என்று வோல்க்மார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது எக்கர்ட் காதுக்குப் போனது. உடனே அவன் ஒரு பேட்டியில் சொன்னான்: "அந்த ஓசைய வோல்க்மார் உருவாக்கல. அது தானா வந்துச்சு. சந்தேகமா இருந்தா உட்கார வச்சு வாசிக்கச் சொல்லுங்க பாப்போம்."

தானாக வந்ததாம்! காளான் முளைக்கிற மாதிரி! வோல்க்மார் அதைப் படித்துவிட்டு, பாதி சாப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்தார். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் காகிதம் நகர்த்திய மனிதர். வாழ்க்கையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அந்த ஓசை ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறான் பாவி.

வானொலியிலிருந்து இம்கே புரோடெர்சன் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "நேரலையா? தாராளமா வாங்க! ஊரே கேக்கட்டும்!" என்று சொல்லிவிட்டார்.

"கத்தறது இருக்கட்டும்" என்றார் அவர் மனைவி வீப்கே. "அதுக்கு முன்னாடி யாராவது தெரிஞ்சவங்களக் கூப்பிட்டுப் பெட்டிய ஒரு தடவை பார்க்கச் சொல்லேன். அங்க விளக்கே கண்ணடிக்குது. நாளைக்கு ரேடியோல போய்க்கிட்டு இருக்கும்போது புகைஞ்சா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. அதுதான் முதல் தப்பு.

லூர்ஸ் அம்மாவோடு சண்டை போட்ட மறுநாள், புதன்கிழமை, தோர்பென் என்ற பழுதுபார்ப்பவர் வந்தார். நெற்றியில் பூதக்கண்ணாடி, கைகளில் வெள்ளைக் கையுறை. அறுவைச் சிகிச்சை டாக்டர்போல ஒந்தீனாவின் மூடியைக் கழற்றினார்.

"எண் கணக்குப் பகுதி நல்லா இருக்கு, சார். அனலாக் பகுதிதான் தள்ளாடுது. உங்க மின்சாரம் அழுக்கு."

"எங்க வீட்டு மின்சாரமா அழுக்கு?"

"பக்கத்து ரூம்ல என்னமோ மோட்டார் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே லைன். அது ஓடுறப்பல்லாம் இங்க வோல்டேஜ் விழுந்து எழுந்திரிக்கும்."

"அந்தப் பூதம்தான்! நான் சொல்லல? காதையும் கெடுத்து, கரண்டையும் கெடுக்குது!" வோல்க்மார் மேஜையைக் குத்தினார். "இதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

தோர்பென் தனி மின்சார லைன் இழுத்தார். உள்ளே இருந்த தூசியை உறிஞ்சினார். எண்பத்தைந்தாம் வருஷத்துக் காப்பிக் கறையைப் பஞ்சால் துடைத்தார். "இப்ப புதுசு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை சத்தம் போடக் கூடாது. ஆகவே வோல்க்மார் காதில் ஹெட்போனை மாட்டினார். ஹெட்போன் போட்டு ஒந்தீனாவைக் கேட்பது அவளுக்கே அவமானம் என்று நினைக்கிறவர், இத்தனை வருஷத்தில் அதைத் தொட்டதே கிடையாது. முப்பத்தேழைத் தேர்ந்து கட்டையை அழுத்தினார்.

பீப் என்றது. பல் டாக்டர் வீட்டு வாசல் மணிகூட இதைவிட உருக்கமாக ஒலிக்கும்.

மறுபடி அழுத்தினார். பீப். சூடேறட்டும் என்று ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து அழுத்தினார். சூடான பீப்.

தொலைபேசியில் தோர்பெனைப் பிடித்தார்.

"யோவ், என்னய்யா பண்ணின என் பெட்டிய?"

"சுத்தம் பண்ணினேன், சார்."

"யாரு சுத்தம் பண்ணச் சொன்னது? நாற்பது வருஷத் தூசிய்யா அது! அந்தத் தூசியிலதான் உயிரே இருந்திருக்கு! எங்க அது?"

"எது?"

"தூசி!"

தோர்பென் எதையோ உருட்டித் தேடுகிற சத்தம் கேட்டது.

"வேக்கும் கிளீனர் பையில இருக்கும், சார்."

"வேற யாரு வீட்டுத் தூசியும் கலக்கலையே?"

"உங்களுக்கு அப்புறம் ஒரு அக்கார்டியன் மட்டும்..."

"கடவுளே!" என்று வோல்க்மார் தலையில் அடித்துக்கொண்டார். "பையோட கொண்டுவாய்யா. வரும்போது அந்தத் தனி லைனையும் பிடுங்கிப் போடு. எல்லாம் பழையபடி இருக்கணும், பழையபடி!"

லைன் பழையபடி ஆனது. பை வந்தது. மறுநாள் காலையில் வீப்கே நிலவறைக்கு இறங்கி வந்தபோது, கணவர் திறந்த பெட்டிக்கு மேல் குனிந்து எதையோ பதமாகச் சலித்துத் தூவிக்கொண்டிருந்தார்.

"அது என் கேக் சல்லடை!"

"ஷ்ஷ்! சீரா விழணும்."

"என்னது விழணும்?"

"தூசி."

வீப்கே படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருபத்தெட்டு வருஷமா ஒரு நாள்கூட இந்த மனுஷன் தூசி தட்டினதில்ல. இன்னிக்குத் தூசி போடுறாரு."

தூசி போட்டும் பீப்தான். காப்பிக் கறைதான் காரணமோ என்று, பழைய இடத்திலேயே அளவாகக் கொஞ்சம் காப்பி சொட்டினார். அளவு தவறிவிட்டது. நடுவில் இருக்கிற ஒரு கட்டை அழுத்தினால் எழுந்து வர மறுத்தது. பல் குத்தும் குச்சியால் நெம்பி நெம்பி எழுப்ப வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று வோல்க்மார் சாப்பிடாமல், தாடி மழிக்காமல், ஹெட்போனோடு பீப் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கார்டியன் தூசிதான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். அப்போதுதான் கதவு தட்டாமலே திறந்தது. எக்கர்ட் யான்சன் நின்றிருந்தான். முடி முழுக்க நரைத்து, தொப்பை வைத்து, ஆனால் அதே தோல் சட்டை. இருவரும் நேருக்கு நேர் பார்த்து இருபது வருஷமாகிறது.

"யாருடா உன்னை உள்ள விட்டது?"

"கதவு திறந்துதான் இருந்துச்சு. ரேடியோப் பொண்ணு சொல்லிச்சு, நேரலைல வாசிக்கப் போறியாமே. நீ அசிங்கப்படறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் அசிங்கப்படறேனா? பாட்டுல நாலு வரி கத்தினதுக்கு இன்னும் தோல் சட்டைய மாட்டிக்கிட்டு அலையறவன் நீ! எனக்குச் சொல்ல வந்துட்டான்!"

"டேய், அந்த ஓசை உன்னோடது இல்லடா. ஒத்துக்கோ."

"பின்ன உங்க அப்பனோடதா?"

"யாரோடதுன்னு எனக்கும் தெரியல. உன்னோடது இல்ல, அவ்வளவுதான். வாசி பாப்போம்."

வோல்க்மார் முப்பத்தேழைத் தேர்ந்தார். அழுத்தினார்.

பீப்.

எக்கர்ட் சிரித்தான். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தான். வோல்க்மாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் கட்டையை அழுத்தியது அழுத்தியபடியே நின்றார். கையை எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

சுவருக்கு அப்பால் இரும்பு மூடி ஒன்று டமாரென்று விழுந்தது. விளக்கு மங்கியது. ஜாடிகள் கிடுகிடுத்தன. பூதம் உறுமத் தொடங்கியது.

அதே நேரம் முப்பத்தேழு கண் விழித்தது. முதலில் ஒரு சின்ன நடுக்கம். பிறகு நீளமாக, மெதுவாக, எல்ப் ஆற்றில் பனி ஏறி இறங்குகிற மாதிரி ஒரு மூச்சு. அறை முழுக்க நிறைந்து, அடங்கி, மறுபடி நிறைந்தது.

"வந்துருச்சு!" என்று அலறினார் வோல்க்மார். "தூசி வேலை செய்யுதுடா! கேளுடா, நல்லாக் கேளு! யாருடா அசிங்கப்படறது?"

எக்கர்டின் சிரிப்பு நின்றுவிட்டது. விளக்கைப் பார்த்தான். ஜாடிகளைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி, நெற்றியையும் சுவரில் சாய்த்துக்கொண்டான். வோல்க்மார் உருகிப்போனார். தோற்றவன் அழுகையை மறைக்கிறான் என்று நினைத்தார். என்ன இருந்தாலும் பழைய சிநேகிதன்.

சுவருக்கு அப்பால் இயந்திரம் ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து வோல்க்மாரும் எக்கர்டின் தோளைத் தட்டக் கட்டையை விட்டு எழுந்துவிட்டார்.

"மன்னிச்சிரு, வோல்க்மார்" என்றான் எக்கர்ட். "நாற்பது வருஷமாப் புரியாம இருந்தது இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"இப்பவாவது புரிஞ்சுதே."

"நல்லாப் புரிஞ்சுது." சுவரைக் காட்டினான். "ஆனா இது என்னடா இவ்வளவு சத்தம்? வியாழக்கிழமை மைக்ல இது விழுந்துதுன்னா உன் மானம் போயிரும்."

"அன்னிக்கும் வேணும்னே புழிவேன்னு சவால் விட்டிருக்கா அந்த அம்மா."

"அப்ப அன்னிக்கு இந்த மெஷினே இங்க இருக்கக் கூடாது. தூக்கித் தெருவுல வச்சிரு. நானும் கை கொடுக்கறேன்."

நண்பன் என்றால் இவனல்லவா நண்பன் என்று வோல்க்மார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லூர்ஸ் அம்மா அப்போது பிழிந்த திரைச்சீலைகளைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, சத்தமே வராத புது மெஷின் ஒண்ணு வாங்கித் தரேன். இதைக் கொடுத்துருங்க."

"இது என் கல்யாணத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் போயிட்டாரு, இது போகல. தர மாட்டேன்."

"அம்மா, என் வாழ்க்கையே இதுல இருக்கு! என்ன கேட்டாலும் செய்யறேன்."

லூர்ஸ் அம்மா கூடையைக் கீழே வைத்தார். கண்கள் சின்னதாயின.

"மாடிப்படி கழுவுற முறை."

அந்த வீட்டில் மாடிப்படி கழுவுவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து வரும். யாரும் யாருக்காகவும் செய்ய மாட்டார்கள். முறையை மறந்தவரோடு மற்றவர்கள் பேசவும் மாட்டார்கள்.

"இந்த மாசம் முழுக்க உங்க முறைய நான் கழுவறேன்."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும். கீழேருந்து மேல் மாடி வரைக்கும். கைப்பிடியும் சேர்த்து."

வோல்க்மார் எக்கர்டைப் பார்த்தார். "ஒத்துக்கோடா" என்று அவன் கண்ணைக் காட்டினான். ஒத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பூதத்தைத் தூக்கி வாசல் நடைபாதையில் வைத்தார்கள். எக்கர்டே ஓர் அட்டையில் 'இலவசம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி மேலே ஒட்டினான். அப்படி எழுதி வைத்துவிட்டால் பிறகு அது தெருவுக்குச் சொந்தம். எடுத்தவரிடம் போய் யாரும் கேட்க முடியாது.

"நீ மேல போடா, முதுகு பிடிச்சுக்கப் போகுது" என்றான் எக்கர்ட்.

"வியாழக்கிழமை நீயும் வாயேன். ஒண்ணா உட்கார்ந்து பேசுவோம்."

"வேண்டாம்டா. அது உன் மேடை. நான் குறுக்க வர மாட்டேன்."

படியேறும்போது வோல்க்மார் திரும்பிப் பார்த்தார். எக்கர்ட் வாசலில் லூர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தான். எத்தனை பண்பு!

வியாழக்கிழமை இம்கே புரோடெர்சன் ஒலிவாங்கியும் கருவிகளுமாக வந்து நிலவறையில் உட்கார்ந்தாள். வீப்கே மூலையில் ஒரு முக்காலியில். பக்கத்து அறையில் புது இயந்திரம் உறை பிரிக்காமல் அமைதியாக இருந்தது. வோல்க்மார் இஸ்திரி போட்ட சட்டையில், சவரம் செய்த முகத்தில், மாப்பிள்ளை மாதிரி ஒந்தீனாவின் முன் அமர்ந்தார்.

"நேயர்களே, உலகமே தேடற அந்த ஓசை, அதை உருவாக்கினவர் கையாலேயே, இதோ, நேரலைல!"

பீப்.

இம்கேயின் புன்னகை அப்படியே நின்றது. "இது... ஒத்திகையா, சார்?"

"இன்னும் சூடேறல. அனலாக் பாதிக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."

பேசினார்கள். அவருடைய இளமை, குழு, துறைமுகப் பட்டறை எல்லாம் பேசி முடித்தார்கள். மறுபடி அழுத்தினார். பீப். நடுக் கட்டை வேறு ஒட்டிக்கொண்டு பீஈஈஈ என்று நீண்டது. குச்சியால் நெம்பினார். ஹாம்பர்க் முழுக்க அதைக் கேட்டது.

"ஒரு நிமிஷம்" என்று மூடியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூவினார்.

"நேயர்களுக்காக, அது என்ன சார்?"

"தூசி."

வீப்கே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பீப்.

வோல்க்மார் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "செவ்வாய்க்கிழமை வந்துச்சு! என் சிநேகிதன் சாட்சி! சுத்தம் பண்றேன்னு வந்து பெட்டியக் கெடுத்துட்டான் ஒருத்தன்! அக்கார்டியன் தூசியக் கலந்துட்டான்! நாற்பது வருஷம் இது என்னோடதுய்யா, என்னோடது! யாரையாவது கேளுங்க!"

நிலவறைக் கதவு திறந்தது. லூர்ஸ் அம்மா. ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பம்.

"தம்பி, இன்னிக்கு மாடிப்படி. மறந்துட்டீங்களா?"

"அம்மா, நேரலை போயிட்டிருக்கு!"

"போகட்டும். படி காத்திருக்காது."

இம்கே மூழ்குகிறவள் மரக்கட்டையைப் பிடிக்கிற மாதிரி ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினாள். "அம்மா, நீங்க இந்த வீட்ல ரொம்ப நாளா இருக்கீங்களா? 'சுரங்கத்தில் மழை' பதிவானப்ப இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேனே. செவ்வாக்கிழமை. பக்கத்து ரூம்ல துணி புழிஞ்சுக்கிட்டு இருந்தேன்." வாளியைக் கீழே வைத்துவிட்டு, லூர்ஸ் அம்மா ஒலிவாங்கியைச் சந்தேகத்தோடு பார்த்தார். "ஏம்மா, எல்லாரும் அந்த நாளப் பத்தியே கேக்கறீங்க? தம்பியோட சிநேகிதர் எக்கர்டும், என் பழைய மெஷின அவரு வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சுக்கிட்டு அதைத்தான் கேட்டாரு, 'அன்னிக்கு மெஷினுக்குள்ள போட்டிருந்தது படுக்கை விரிப்பாம்மா, திரைச்சீலையாம்மா'ன்னு."